பைட்டுத் தொடர் தேடலின் வரலாறு: ஒப்பீட்டு எண்ணிக்கையிலிருந்து நிகழ்வெண்ணுக்கு

ஒரு நீண்ட பைட்டு வரிசைக்குள் ஒரு குறுகிய பைட்டு வரிசை எங்கே இருக்கிறது? நிரலாக்கத்தில் இதைவிட எளிதாகக் கேட்கக்கூடிய கேள்வி அரிது. உரைத் திருத்தியில் ஒரு சொல்லைத் தேடும்போதும், வைரஸ் தடுப்பு நிரல் கோப்புகளை அலசும்போதும், வலையமைப்பில் ஓடும் தரவைக் காவல் நிரல் சலிக்கும்போதும் அடியில் நடப்பது இந்த வேலைதான். பாடநூல்கள் இதற்கு இரண்டு விடைகளை முன்வைக்கின்றன. ஒன்று நூத்–மாரிஸ்–பிராட் படிமுறை, மற்றது பாயர்–மூர் படிமுறை. இரண்டும் 1977-இல் அச்சேறியவை. ஆனால் இன்று ரஸ்ட், கோ மொழிகளின் தேடல் நிரல்களையோ குனு சி நூலகத்தையோ திறந்து படிப்பவருக்கு, பாடநூலில் கண்ட வடிவில் இவ்விரண்டும் அங்கே பெரும்பாலும் கிடைப்பதில்லை.

அந்த இடைவெளி எப்படி உண்டானது என்பதே இக்கட்டுரையின் பொருள். இத்துறையில் தொடக்கம் முதலே இரண்டு கவலைகள் இருந்தன. எவ்வளவு மோசமான தரவு வந்தாலும் நேரம் எல்லை மீறக்கூடாது என்பது ஒன்று. வழக்கமாக வரும் தரவில் வேகமாக ஓட வேண்டும் என்பது இன்னொன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவை தனித்தனி வழியில் போயின. இவற்றை ஒன்றுசேர்த்தவர்கள் கம்பைல் செய்யப்படும் மொழிகளுக்கு நூலகம் எழுதியவர்கள் என்பதும், அவர்கள் கையில் இறுதியில் தீர்மானிக்கும் காரணியாக நின்றது தரவிலுள்ள பைட்டுகளின் நிகழ்வெண் என்பதும் என் வாதம். தேடப்படும் குறுகிய வரிசையை இனித் 'தேடுதொடர்' என்கிறேன்.

நேரடி முறை

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, தேடுதொடரைத் தரவின் முதல் பைட்டிலிருந்து ஒவ்வொரு பைட்டாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் ஒப்பிட்டுப் பார்ப்பது. ரஸ்டில் இதை ஒரே வரியில் எழுதலாம். அம்மொழியின் நிலைப்பதிப்பில் உரைச்சரத்துக்குள் உரைச்சரத்தைத் தேடும் வசதி உண்டு; பைட்டுத் துண்டுக்குள் இன்னொரு பைட்டுத் துண்டைத் தேடும் வசதி இல்லை. ஆகவே பலரும் தரவை நகரும் சாளரங்களாகப் பிரித்து, எந்தச் சாளரம் தேடுதொடருக்குச் சமம் என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இம்முறை எப்போதும் மெதுவானதன்று. சாதாரணத் தரவில் பெரும்பாலான இடங்களில் முதல் பைட்டே பொருந்தாது. அடுத்த இடத்துக்குப் போய்விடலாம். ஒரே பைட்டு திரும்பத் திரும்ப வரும் தரவில்தான் சிக்கல். அங்கே வேலையின் அளவு, தரவின் நீளத்தைத் தேடுதொடரின் நீளத்தால் பெருக்கிய அளவுக்கு ஏறிவிடும்.

1969 முதல் 1977 வரை

1969 கோடையில் ஜேம்ஸ் மாரிஸ் சிடிசி 6400 கணினிக்கு ஓர் உரைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு உடனடித் தொல்லையாக இருந்தது வேகம் அன்று. கோப்பைத் துண்டு துண்டாக இடையகத்தில் ஏற்றிப் படிக்கும்போது, ஒப்பீடு தோற்றால் பின்னோக்கிப் போக வேண்டியிருந்தது; அந்த இடையக ஏற்பாடு சிக்கலாக இருந்தது. பின்னோக்கிப் போகாமலே தேட ஒரு வழி தேடினார். முடிவுறு தானியங்கிக் கோட்பாட்டைத் துணைகொண்டு ஒரு வழியையும் கண்டார். அந்த நிரல் உடன் பணிபுரிந்தவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் அதைத் 'திருத்தி' உருக்குலைத்துவிட்டதைச் சில மாதங்கள் கழித்தே அவர் அறிந்தார். இந்தச் செய்தி 1977 கட்டுரையிலேயே பதிவாகியிருக்கிறது. நூலகம் எழுதுவோர் எளிமையை ஏன் விடாப்பிடியாகக் கேட்கிறார்கள் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

டொனால்டு நூத் வந்த வழி வேறு. ஸ்டீபன் குக் நிறுவிய ஒரு தேற்றம், இருவழி அடுக்குத் தானியங்கியால் தீர்க்கக்கூடிய எதையும் சாதாரணக் கணினியில் நேர்விகித நேரத்தில் தீர்க்க முடியும் என்று சொன்னது. அத்தேற்றத்தின் நிறுவலைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்து நூத் அதிலிருந்து ஒரு தேடல் நிரலை வெளியே எடுத்தார். வான் பிராட் அதைச் செம்மையாக்கினார். மாரிஸ் முன்பே அதே இடத்துக்கு வந்திருந்தது பிறகு தெரிந்தது. லெனின்கிராடில் யூரி மத்தியாசெவிச்சும் இதை ஒத்த முடிவைத் தனியே எட்டியிருந்தார். தேடுதொடரின் தொடக்கம் அதன் உள்ளேயே எங்கெங்கே மீண்டும் வருகிறது என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தால், தரவின் எந்தப் பைட்டுக்கும் திரும்பப் போக வேண்டியதில்லை என்பதே அந்த முடிவின் சாரம்.

கோட்பாட்டளவில் இது முழு வெற்றி. நடைமுறையில், வழக்கமான தரவில், நேரடி முறையைவிட இது பெரிதாக வேகம் தரவில்லை. எப்படியும் ஒவ்வொரு பைட்டையும் ஒரு முறையாவது தொட்டே ஆக வேண்டும்.

அந்த எல்லையை உடைத்தவர்கள் ராபர்ட் பாயர், ஜே ஸ்ட்ரோதர் மூர் இருவரும். 1977 அக்டோபரில் அவர்கள் கட்டுரை வெளிவந்தது. தேடுதொடரை அதன் கடைசிப் பைட்டிலிருந்து ஒப்பிடத் தொடங்கினார்கள். அந்த இடத்தில் தரவில் உள்ள பைட்டு தேடுதொடரில் எங்குமே இல்லையென்றால், தேடுதொடரின் முழு நீளத்தையும் ஒரே தாவலில் கடந்துவிடலாம். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தேடும்போது, வழியிலுள்ள எழுத்துகளில் ஏறத்தாழ நாலில் ஒன்றைப் பார்த்தால் போதும் என்று அவர்கள் காட்டினார்கள். தேடுதொடர் நீள நீள வேலை குறைகிறது. இது அன்றைய வாசகருக்கு நம்ப முடியாத செய்தியாகவே இருந்திருக்கும்.

மோசமான தரவில் பாயர்–மூர் என்ன செய்யும் என்ற கேள்வி தனிக்கிளையாக வளர்ந்தது. தேடுதொடர் தரவில் இல்லாதபோது ஒப்பீடுகள் தரவு நீளத்தின் ஏழு மடங்கைத் தாண்டா என்று நூத் குழுவின் கட்டுரையே நிறுவியது. பின்வந்தோர் அதை நான்காகவும் மூன்றாகவும் குறைத்தார்கள். தேடுதொடர் அடிக்கடி வரும் தரவுக்கான ஓட்டையை 1979-இல் ஸ்வி கலில் அடைத்தார். நிரல் எழுதுவோர் இவற்றில் அதிக அக்கறை காட்டவில்லை. 1980-இல் நைஜல் ஹார்ஸ்பூல் பாயர்–மூரின் இரண்டு அட்டவணைகளில் கடினமானதைத் தூக்கி எறிந்துவிட்டு, 256 இடங்கள் கொண்ட ஒற்றை அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டார். நடைமுறையில் பரவியது அந்தச் சுருக்கம்தான். சி++ மொழி 2017 தரநிலையில் முழுப் பாயர்–மூரையும் ஹார்ஸ்பூல் வடிவையும் தனித்தனித் தேடிகளாகச் சேர்த்தது. அங்கேயும் எதைத் தேர்வது என்ற சுமை நிரலாளர் தலையில்தான்.

(பல தேடுதொடர்களை ஒரே ஓட்டத்தில் தேடுவது வேறு கதை. பெல் ஆய்வகத்தில் ஆல்பிரட் ஆஹோ, மார்கரெட் கோராசிக் இருவரும் 1975-இல் வெளியிட்ட படிமுறையிலிருந்து அது தொடங்குகிறது. இங்கே ஒற்றைத் தேடுதொடரோடு நிற்கிறேன்.)

உத்தரவாதத்தின் பக்கம்

சி மொழியில் பைட்டு வரிசைக்குள் பைட்டு வரிசையைத் தேடும் 'மெம்மெம்' என்ற செயற்கூற்றின் வரலாறு ஒரு தனி வேடிக்கை. அது சி மொழியின் தரநிலையில் இல்லை. போசிக்ஸ் தரநிலையில் 2024-இல்தான் இடம்பெற்றது. லினக்ஸின் பழைய சி நூலகத்தில், 5.0.9 பதிப்பு வரை, தரவும் தேடுதொடரும் இடம் மாறி இருந்தன. விடையாகத் தர வேண்டிய இடத்தின் தொடக்கத்துக்குப் பதில் முடிவைத் தந்தது. கையேட்டுப் பக்கம் இதை நெடுங்காலம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவந்தது. இவ்வளவு அடிப்படையான கருவியை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை என்பதற்கு அதுவே சான்று.

குனு சி நூலகத்துக்கு 2008-இல் எரிக் பிளேக் ஒரு புதிய படிமுறையைக் கொண்டுவந்தார். மாக்சிம் குரோஷ்மோர், டொமினிக் பெரென் இருவரும் 1991-இல் வெளியிட்ட 'இருவழி' முறை அது. தேடுதொடரை ஒரு குறிப்பிட்ட இடத்தில் இரண்டாக வெட்டுகிறார்கள். வலப்பாதியை இடமிருந்து வலமாக ஒப்பிட்டு, அது பொருந்தினால் மட்டும் இடப்பாதியை ஒப்பிடுகிறார்கள். வெட்டும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தால், எங்கே தோற்றாலும் எவ்வளவு தூரம் பாதுகாப்பாக நகரலாம் என்பது அந்த வெட்டிலிருந்தே கிடைத்துவிடுகிறது. நூத்–மாரிஸ்–பிராட் முறை தேடுதொடரின் நீளத்துக்கு ஓர் அட்டவணை கேட்கும். இருவழி முறைக்குச் சில எண்களை நினைவில் வைத்தால் போதும். நினைவகத்தை ஒதுக்காமலே நேர்விகித நேரத்துக்கு உத்தரவாதம் தருகிறது என்பதுதான் நூலகம் எழுதுவோரை ஈர்த்தது. ரஸ்டின் உரைச்சரத் தேடலும் இம்முறையையே எடுத்துக்கொண்டது.

உத்தரவாதம் வெறும் கல்விக் கவலை இல்லை என்பது 2003-இல் தெளிவானது. ஸ்காட் கிராஸ்பி, டான் வாலக் இருவரும் அவ்வாண்டு வெளியிட்ட ஆய்வு, மோசமான தரவை வேண்டுமென்றே அனுப்பி ஒரு வழங்கியைத் திணறடிக்க முடியும் என்று காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஹாஷ் அட்டவணை போன்றவை. ஆனால் வெளியாள் அனுப்பும் தரவில் தேடும் எந்த நிரலுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

பிராசசரின் பக்கம்

பாயர்–மூர் கட்டுரை வெளிவந்த அதே 1977 அக்டோபரில் வேக்ஸ்-11/780 கணினி அறிமுகமானது. அதன் கட்டளைத் தொகுப்பில், தொடருக்குள் தொடரைத் தேடும் வேலையை ஒரே கட்டளையாகவே வைத்திருந்தார்கள். பின்னால் வந்த மைக்ரோவேக்ஸ் சில்லுகளில் அக்கட்டளை வன்பொருளிலிருந்து போய், மென்பொருள் வழியே போலச் செய்யப்பட்டது. 2008-இல் இன்டெல் தன் நெஹலேம் பிராசசர்களில் உரைத் தேடலுக்கென்றே சில கட்டளைகளைச் சேர்த்தது. அவையும் எதிர்பார்த்த இடத்தைப் பிடிக்கவில்லை. எளிய ஒப்பீட்டுக் கட்டளைகளை அடுக்கி எழுதிய நிரல்கள் அவற்றை முந்தின. இந்த வேலைக்கென்று தனியே செய்த வன்பொருள் இரண்டு முறை தோற்றது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். தேடலின் தேவை தரவுக்குத் தரவு மாறுகிறது, கட்டளை மாறுவதில்லை.

வென்றவை எளிய தந்திரங்கள். 1987-இல் ஆலன் மைக்ராஃப்ட் வெளியிட்ட ஒன்று அவற்றுள் புகழ்பெற்றது. நான்கு பைட்டுகளை ஒரே எண்ணாக ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு பைட்டிலிருந்தும் ஒன்றைக் கழித்தால், பூச்சியமாக இருந்த பைட்டில் கடன் வாங்கி மேல்பிட்டு ஏறிவிடும். அதை வடிகட்டிப் பார்த்தால் நான்கில் எங்காவது பூச்சியம் உண்டா என்பது இரண்டு மூன்று கட்டளைகளில் தெரிந்துவிடும். தேடும் பைட்டை முன்கூட்டியே 'எக்ஸார்' செய்துவிட்டால் பூச்சியத்துக்குப் பதில் எந்தப் பைட்டையும் இப்படித் தேடலாம். ஒற்றைப் பைட்டைத் தேடும் 'மெம்சார்' செயற்கூறு பல சி நூலகங்களில் இவ்வகைத் தந்திரங்களால்தான் வேகம் பெற்றது. பிறகு பென்டியம் 4 காலத்தில் ஒரே கட்டளையில் 16 பைட்டுகளையும், 2013-இல் ஹாஸ்வெல் பிராசசர்களில் 32 பைட்டுகளையும் ஒப்பிட முடிந்தது.

இங்கேதான் கணக்கு மாறியது. பாயர்–மூரின் பெருமை பைட்டுகளைத் தொடாமல் தாண்டுவது. ஆனால் இன்றைய பிராசசர் நினைவகத்திலிருந்து ஒரு பைட்டைக் கேட்டால் 64 பைட்டுகளைச் சேர்த்தே கொண்டுவருகிறது. ஐந்து பைட்டு தாண்டுவதால் நினைவகப் போக்குவரத்தில் எந்தச் சேமிப்பும் இல்லை. 32 பைட்டுகளை ஒரே கட்டளையில் பார்த்துவிட முடியும்போது, ஒவ்வொரு தாவலுக்கும் அட்டவணையைப் புரட்டி, அடுத்து எங்கே போவது என்று பிராசசரைக் காக்க வைப்பது வீண் செலவு. 1977-இன் அளவுகோல் ஒப்பீட்டு எண்ணிக்கை; அந்த அளவுகோலே காலாவதியாகிவிட்டது.

உரைத் தேடல் கருவியான குனு கிரெப்பை முதலில் எழுதிய மைக் ஹேர்டெல் 2010-இல் அதன் வேகத்துக்கு இரண்டு காரணங்கள் சொன்னார். எல்லாப் பைட்டுகளையும் பார்ப்பதில்லை. பார்க்கும் பைட்டுகளுக்கும் மிகக் குறைந்த கட்டளைகளே செலவாகின்றன. பின்வந்த பத்தாண்டில் இரண்டாவது காரணம் முதலாவதை முந்திவிட்டது.

வாய்ச்செக் மூவா விளக்கிய முறை இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது. தேடுதொடரின் முதல் பைட்டை ஒரு ரெஜிஸ்டரின் 32 இடங்களிலும் நிரப்புகிறார்கள். கடைசிப் பைட்டை இன்னொன்றில் நிரப்புகிறார்கள். தரவில் 32 பைட்டை ஏற்றி முதலாவதோடும், தேடுதொடர் நீளத்துக்கேற்பத் தள்ளி இன்னொரு 32 பைட்டை ஏற்றி இரண்டாவதோடும் ஒப்பிட்டு, இரண்டு விடைகளையும் 'அண்டு' செய்கிறார்கள். இரண்டும் பொருந்திய இடங்கள் மட்டுமே பிட்டுகளாக எஞ்சும். அவற்றை மட்டும் முழுதாகச் சரிபார்த்தால் போதும்.

நூலகங்களில் கூட்டணி

கோ மொழியின் தேடல் இந்தக் கூட்டணியை வெளிப்படையாகக் காட்டுகிறது. முதலில் தேடுதொடரின் முதல் பைட்டை அசெம்பிளியில் எழுதிய வேகமான தேடலால் கண்டுபிடித்து, அடுத்த பைட்டும் பொருந்துகிறதா என்று பார்த்து, பிறகே முழுதாக ஒப்பிடுகிறது. வீண்பொருத்தங்களை எண்ணிக்கொண்டே வருகிறது. இன்டெல் வகை 64-பிட் பிராசசரில் குறுந்தொடர்களுக்கு எட்டுப் பைட்டுக்கு ஒன்று என்ற அளவை அவை தாண்டினால், அசெம்பிளியில் எழுதிய முழுத்தொடர்த் தேடலுக்கு மாறுகிறது. நீண்ட தொடர்களில் ராபின்–கார்ப் முறைக்கு மாறுகிறது. மைக்கேல் ராபினும் ரிச்சர்டு கார்ப்பும் 1987-இல் வெளியிட்ட அந்த உருளும் ஹாஷ் முறை தனியாகப் போட்டியிட்டு எதையும் வெல்வதில்லை. நம்பகமான காப்பாகப் பின்வரிசையில் நிற்பதில் அதற்கு ஈடில்லை.

ரஸ்டில் இவ்வேலையைச் செய்வது ஆண்ட்ரூ கேலண்ட் எழுதிய மெம்சார் நூலகம். அவருடைய ரிப்கிரெப் தேடல் கருவி 2016-இல் வெளிவந்தது. 2018 ஜூனில் ரஸ்ட் 1.27 பதிப்பு பல-பைட்டுக் கட்டளைகளை நிலைப்பதிப்பில் அனுமதித்தது. 2021-இல் இந்நூலகம் முழுத்தொடர்த் தேடலையும் சேர்த்துக்கொண்டது. ஓடும் நேரத்தில் பிராசசரின் திறனை ஒரு முறை விசாரித்து அதற்குரிய நிரலைத் தேர்கிறது. தரவு மிகச் சிறியதென்றால் ராபின்–கார்ப். தேடுதொடர் குறுகியதென்றால் மூவா வகை ஒப்பீடு. தொடர் குறுகியது என்பதாலேயே மோசமான நிலையும் கட்டுக்குள் நிற்கிறது. நீண்ட தொடருக்கு இருவழி முறை, அதன் முன்னால் ஒரு வேகச் சல்லடை. சல்லடை பயன்படவில்லை என்று தெரிந்தால் அது தானே ஒதுங்கிக்கொள்கிறது. தொடக்கம் முதலே இருந்த இரண்டு கவலைகளும் ஒரே செயற்கூற்றுக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

மூவாவிடமிருந்து இந்நூலகம் ஓரிடத்தில் விலகுகிறது. முதல் பைட்டும் கடைசிப் பைட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதில்லை. 256 பைட்டுகளும் பொதுவாக எவ்வளவு அடிக்கடி வரும் என்று முன்கூட்டியே மதிப்பிட்ட அட்டவணையைப் பார்த்து, தேடுதொடரில் மிக அரிதான இரண்டைத் தேர்கிறது. என் பார்வையில் இத்துறையில் பாயர்–மூருக்குப் பின் வந்த மிகப் பயனுள்ள யோசனை இது.

தமிழ்த் தரவில்

இந்த யோசனையின் எடையைத் தமிழ் எழுத்தில் துல்லியமாக அளந்து பார்க்கலாம். யுடிஎஃப்-8 குறியாக்கத்தைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்தபோது, ஒரு குறியின் பைட்டுகள் இன்னொரு குறியின் நடுவில் தவறாகப் பொருந்தாதபடி அமைத்தார்கள். எனவே தமிழ் உரையையும் வெறும் பைட்டு வரிசையாகவே தேடலாம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. முதல் பைட்டு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. எழுத்துக்கு எழுத்து வேறுபாடு பெரும்பாலும் மூன்றாவதில்தான்.

'அம்மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஐந்து குறிகள், 15 பைட்டுகள்: 224 174 133, 224 174 174, 224 175 141, 224 174 174, 224 174 190. முதல் பைட்டான 224-ஐத் தேடிப் போகும் நிரல் தமிழ் உரையில் மூன்று பைட்டுக்கு ஒரு முறை வீணாக நிற்கும். கோ மொழியில் எட்டுக்கு ஒன்று என்ற எல்லை தொடக்கத்திலேயே உடைந்து, மாற்று வழி ஓடத் தொடங்கிவிடும். மூவா முறையில் முதல் பைட்டும் கடைசிப் பைட்டும் என்றால் 224-உம் 190-உம். இடைவெளியில்லாத தமிழ்த் தொடரில் 190 எங்கே வந்தாலும் அதற்கு 14 பைட்டு முன்னால் 224 இருந்தே தீரும். அந்த இணையில் முதல் பைட்டு எதையும் வடிகட்டவில்லை.

வியப்பாக, ஹார்ஸ்பூலின் பழைய முறை இங்கே நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது. கடைசிப் பைட்டின் நேரே 224 வந்தால் 2 பைட்டும், 174 வந்தால் 1 பைட்டும், 175 வந்தால் 7 பைட்டும் நகரும். ஒரு குறியின் முதல் இரண்டு பைட்டுகளில் எங்கே விழுந்தாலும் அடுத்த நகர்வு ஒரு மூன்றாம் பைட்டில் போய் நிற்கும். அதன்பின் பெரும்பாலும் 15, 15 ஆகத் தாவும். மகரமோ யகரமோ வரும்போது தடுமாறும், ஏனென்றால் அவற்றின் மூன்றாம் பைட்டுகள் முறையே 174, 175.

சிறந்த தேர்வு 133. தமிழ்க் குறிகளுள் அகரத்துக்கு மட்டுமே அது மூன்றாம் பைட்டு. அகரம் சொல்லின் தொடக்கத்தில்தான் வரும். அதற்கு மூன்று பைட்டு தள்ளி 174 இருந்தால் அங்கே இருப்பது 'அம' என்பது ஏறக்குறைய உறுதி. ஆனால் தமிழ்த் தரவின் நிகழ்வெண்ணை வைத்து அரிதானவற்றை மட்டும் பொறுக்கும் அட்டவணை இங்கே 174-ஐத் தேர்ந்தெடுக்காது. தமிழ் உரையில் மிக அதிகமாக வரும் பைட்டுகளுள் அது ஒன்று. பைட்டுகள் ஒன்றையொன்று சாராமல் வருகின்றன என்ற அனுமானம் மூன்று பைட்டு எழுத்துகளில் உடைகிறது. இந்த இடத்தில் இன்றைய நூலகங்களும் முழு விடை தரவில்லை.

பைட்டுத் தேடலுக்கு எட்டாத ஒன்றும் உண்டு. 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியும் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். முதலாவது 3 பைட்டு, இரண்டாவது 6. திரையில் வேறுபாடு தெரியாது, பைட்டில் பொருந்தாது. தேடுவதற்கு முன் உரையை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதைத் தவிர இதற்கு வழியில்லை.

ரஸ்டின் மெம்சார் நூலகம் தன் நிகழ்வெண் அட்டவணைக்குப் பதிலாகப் பயன்படுத்துவோர் தம் அட்டவணையைக் கொடுக்க இடம் வைத்திருக்கிறது. தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தித் தேடல் வசதி அமைப்போர் உரையை ஒருவடிவாக்கிய பிறகு, தம் தரவை ஒரு முறை முழுதாகப் படித்து, 256 பைட்டுகளின் நிகழ்வெண்ணைக் கணக்கிட்டு அந்த இடத்தில் கொடுக்க வேண்டும். பத்திருபது வரி நிரலில் முடியும் வேலை அது.